எஞ்சின் பூட்டிய சைக்கிள்

சென்ற மாதம் பெல்மதுளைச் சந்தியில், இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து வரவேண்டிய பஸ்ஸை எதிர்பார்த்து ஒரு கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வீதியோரத்தில் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன், தூறல் விட்டதும், கயிற்றைச் சுண்டி இழுத்து அதை மீண்டும் முடுக்கினான். அப்போது கிளம்பிய நீலப் புகை காற்றோடு மிதந்து வந்து தாழ்வாரத்தில் நின்ற எல்லோர் முகத்திலும் பட்டது. பெற்றோலும் ஒயிலும் ஒன்றாகக் கலந்து எரிகையில் உண்டாகும் அந்த நெடியை விரும்புகிறவர்கள் அதிகம் இல்லை. என் பக்கத்தில் நின்ற அம்மையார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அது என் தகப்பனாரின் காக்கிச் சட்டையில் நெடுங்காலம் குடியிருந்த வாசனை. பஸ் வந்தது, ஏறினேன், பலாங்கொடையில் இறங்கிப் போன காரியத்தையும் பார்த்தேன். ஆனால் மனம் மட்டும் அன்று முழுவதும், கஹவத்தைக்கு மேலேயிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தையும், அதன் வளைந்து வளைந்து ஏறும் சரளைப் பாதையையும், அப்பாதையில் பட்பட்டென்று ஒலியெழுப்பிக்கொண்டு வந்த ஒரு சைக்கிளையுமே சுற்றிக்கொண்டிருந்தது.

தோட்டம் என்றதும் வெளியூரார் மனத்தில் தோன்றுவது நுவரெலியாவின் குளிரும் பனியும் செங்குத்தான தேயிலை மலைகளுமே. எங்கள் சப்ரகமுவ அப்படிப்பட்டதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் பெரும்பாலும் தாழ்ந்த குன்றுகளில் அமைந்தவை. ரப்பரும் தாழ்நிலத் தேயிலையும் இடைவிட்டு வளர்ந்து, நடுநடுவே சிங்களக் கிராமங்களின் வயலும் தென்னையும் கமுகும் புகுந்து, லயமும் கிராமமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பவை. உயர்ந்த மலைநாட்டில் சைக்கிளால் ஆகிற காரியம் சொற்பம். எங்கள் குன்றுகளிலோ, இறக்கத்தில் தானாக ஓடும், சமதரையில் மிதிக்கலாம், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்ற அளவில் சைக்கிளுக்கு இடம் இருந்தது. அந்த ஏற்றத்தில் மட்டும் கை கொடுக்க ஏதேனும் ஓர் உபாயம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஆசை, சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்தது. பெரிய துரைக்குக் கார் இருந்தது, சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது, கிளாக்கருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் துவிச்சக்கர வண்டி, ஏனையோர் நடந்தார்கள். யார் எதில் போகலாம் என்பது சட்டத்தில் எழுதப்படாவிட்டாலும் எல்லோரும் அறிந்த வரிசையாகவே இருந்தது. துவிச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவேயிருந்த அந்த இடைவெளி எங்களுக்கு வெகு பெரிய இடைவெளி.

அதை எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகத் தாண்டியவர் டிஸ்பென்சர் ஐயா. இளமையிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் மலையிலேயே நரைகண்ட அவருக்கு, எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியோடு பக்கத்துத் தோட்டங்களின் மருந்துச்சாலைகளும் பொறுப்பாக இருந்தன. பிரசவ வேதனையில் ஒருத்தி துடிக்கிறாள் என்று நடுநிசியில் ஆள் வந்து கதவைத் தட்டினால், மருந்துப் பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஏற்றமெல்லாம் தள்ளித் தள்ளிச் சென்று, லயத்து வாசலை அடையும்போது மூச்சு வாங்கிக்கொண்டு தாமே ஒரு நாழிகை உட்கார வேண்டியவராக இருப்பார். அத்தகையவர், சேர்த்து வைத்த பணத்தில் கொழும்புக்குச் சொல்லி அனுப்பி ஒரு சக்கரத்தை வரவழைத்தார். ஆம், ஒரு சக்கரத்தை மட்டுமே. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடியே அகலமுள்ளதும், அவிசாவளையையும் இரத்தினபுரியையும் கடந்து ஓப்பநாயக்க வரையில் 1919 இல் நீட்டப்பட்டதுமான களனிவெளி ரெயில் பாதையில், மரச்சட்டத்துக்குள் வைக்கோல் சுற்றிக்கொண்டு, கஹவத்தை ஸ்டேஷனில் அது வந்திறங்கியது.

சைக்கிள்மாஸ்டர் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் 1950 இல் விற்பனைக்கு வந்த அந்த யந்திரத்தின் விசேஷம் யாதெனில், எஞ்சின், பெற்றோல் தாங்கி, கிளட்ச், செயின் ஆகிய அனைத்தும் ஒரு பின்சக்கரத்தின் நடுவிலுள்ள வட்டப் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தன. உள்ள சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது. கிராமபோன் தட்டுகளால் நம்மவர்க்கும் பரிச்சயமான இ.எம்.ஐ. கம்பெனிதான் ஹேய்ஸ் என்னும் ஊரிலிருந்த தன் தொழிற்சாலையில் அதைத் தயாரித்துக் கொடுத்தது என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது, டிஸ்பென்சர் ஐயா வீட்டு மேசையில் பாட்டுப்பெட்டியும் முற்றத்தில் அந்தச் சக்கரமும் இருந்த காட்சி எனக்கு உடனே ஞாபகம் வந்தது. முதலில் வந்த எஞ்சினின் கொள்ளளவு 25.7 சி.சி. மாத்திரமே, பிறகு 32 சி.சி. ஆக்கினார்கள். அவ்வளவு சிறிய பிஸ்டன், பாரமான மனிதர் ஒருவரையும் மருந்துப் பெட்டியையும் சுமந்துகொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே ஓடி வந்தபோது, பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை மரத்திலேயே விட்டுவிட்டுப் பாதையோரத்துக்கு ஓடி வந்தார்கள்.

அவர் பெற்றோல் கலக்கும் காட்சியைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் சிறுவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூடுவோம். இவ்வகை எஞ்சினுக்கு ஒயில் தனியாக ஊற்றப்படுவதில்லை. பெற்றோலிலேயே கலந்துவிட வேண்டும். 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில் என்பது ஐயா கொண்ட கணக்கு. ஒரு கலன் என்பது 160 அவுன்ஸ் ஆதலால் கலனுக்கு ஆறு அவுன்ஸுக்குச் சற்று மேலே ஒயில் வேண்டும். அதை அவர் இருமல் மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையின் கோடுகளைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் அளப்பார். ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப்போகும். கூடினால் பிளக்கிலும் புகைவாயிலிலும் கரி படியும். நோயாளிக்கு மருந்து அளப்பதற்கும் யந்திரத்துக்கு ஒயில் அளப்பதற்கும் அவர் காட்டிய சிரத்தையில் எள்ளளவும் வித்தியாசம் இருக்கவில்லை. பின்னர் ஏறி உட்கார்ந்து, கிளட்ச் பிடியை அழுத்தியபடியே நாலு மிதி மிதித்து, வேகம் வந்ததும் பிடியை விடுவார். ஒரு குலுங்கல், ஒரு புகைக்குமுறல், அப்புறம் சீரான ஓசை. கடும் ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது மட்டும் அவரும் சேர்ந்து மிதிப்பார். மனிதனும் யந்திரமும் ஆளுக்குப் பாதியாக வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாடு, அதற்குப் பின் வந்த எந்த வாகனத்திலும் நான் காணாத ஒன்று.

ஐயா உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி ஊருக்குப் புறப்பட்டபோது, அந்த வண்டியை என் தகப்பனாருக்கு விற்றார். அப்பா அப்போது இரண்டு டிவிஷன்களைப் பார்க்கும் கணக்கப்பிள்ளை. “கணக்கப்பிள்ளை, பணம் ஆறுதலாய்த் தாரும், ஆனால் கலவையில் மாத்திரம் கஞ்சத்தனம் பண்ணிப்போடாதையும்” என்று சொல்லி, வண்டியோடு அந்த அவுன்ஸ் குவளையையும் கொடுத்துவிட்டுப் போனார். தவணை முறையில் மணியோர்டர் அனுப்பி அப்பா கடனைத் தீர்த்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு விடிவதற்கு முன் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பால் ஸ்டோருக்கு வந்தாக வேண்டும். தாமதித்தால் வாளியிலேயே உறைந்துவிடும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்து, ஒரு டிவிஷனிலிருந்து மற்றதற்கு நடந்தே போய் வந்த மனிதருக்கு இச்சக்கரம் செய்த உபகாரம், நாள்தோறும் ஒரு மணி நேரம் அவருடைய ஆயுளில் கூடியது போன்றது. அந்த நேரத்தை அவர் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் செலவிட்டார். நான் பின்னாளில் ஆசிரியனானதற்கு அந்தச் சிறு எஞ்சினும் ஒரு காரணம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

பழைய யந்திரத்தை வாங்குகிறவன் அதோடு ஒரு பழுதுபார்ப்பவனையும் தேடிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்தவர், கஹவத்தையில் ரெயில் பாதைக்குச் சமீபமாக ஒரு பலா மரத்தடியில் கராஜ் வைத்திருந்த சிங்கள பாஸ் ஒருவர். இரத்தினபுரி நாட்டில் மாணிக்கக் குழிகளுக்குக் குறைவில்லை. குழியில் ஊறும் தண்ணீரை இறைக்காமல் மாணிக்கமும் இல்லை. ஆகவே நீரிறைக்கும் சிறு எஞ்சின்களைத் திருத்துகிற கைகள் அந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு. பாஸின் பிரதான தொழில் அதுவே. சைக்கிள் எஞ்சினை அவர் முதல் தடவை பார்த்தபோது, அதைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலை பேசுவதையே மறந்துபோனார். தோட்டத்துத் தமிழில் சிங்களம் கலந்து பேசுவது அவர் வழக்கம். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று அப்பா முறையிட்டால், காதைச் சாய்த்து ஓசையைக் கேட்டுவிட்டு, “கே.பி. மாத்தயா, எஞ்சின் சாகல்ல. மூச்சு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்” என்பார்.

மூச்சு அடைத்தல் என்று அவர் சொன்னது கரி படிதலை. ஒயில் கலந்த பெற்றோல் எரிந்து எரிந்து, புகை வெளியேறும் வாயிலைக் கறுப்பு ஓடாக மூடிவிடும். பாதி வழி அடைபட்டால் எஞ்சினின் பாதிப் பலம் போய்விடும். சிலிண்டரைக் கழற்றி அக்கரியைச் சுரண்டும் வேலையைப் பாஸ் இரும்பால் செய்ததை நான் கண்டதில்லை. மூங்கிலைச் சீவி, நுனியைத் தட்டையாக்கி, அதனால் மெல்ல மெல்ல உரித்து எடுப்பார்; இரும்பு பட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் அங்கேயே கரி மறுபடியும் பிடிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. புகைக்குழாயின் உட்புறம் கைக்கு எட்டாது. அதை அப்பா தோட்டத்துக்குக் கொண்டு வந்து, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தின் அடுப்புத் தணலில் ஓர் இரவு வைப்பார். காலையில் எடுத்துக் கல்லில் தட்டினால் கரியெல்லாம் சாம்பலாகக் கொட்டும். பிளக்கைச் சோதிப்பதற்குப் பாஸ் தம் சாரத்தின் ஒரு முனையை உயர்த்தி நிழல் செய்துகொண்டு, பிளக்கைச் சிலிண்டரின் மேல் சாய்த்து வைத்து, என்னைச் சக்கரத்தைச் சுழற்றச் சொல்வார். அந்தச் சிறு இருளில் நீலப் பொறி சடசடவென்று தாவினால் தலையை ஆட்டுவார். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் ஒன்றும் பேசாமல் மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றத் தொடங்கிவிடுவார்.

அவருக்குக் கையாளாக இருந்தவன் எங்கள் லயத்துப் பையன். பால் வெட்டுகிறவரின் மகன். எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவன். சின்னவன் என்று எல்லோரும் கூப்பிடுவோம். தகப்பனைப் போல் கத்தி பிடிக்கப் போகாமல் ஸ்பானர் பிடிக்கப் போனதற்காகக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவன். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு வாழைமட்டையில் வரிசையாக அடுக்கி வைப்பான். திரும்பப் பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக் கொடுப்பான். எந்த நட்டு எங்கே போகும் என்பதைப் பாஸ் ஒரு நாளும் கேட்டதில்லை. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவானபோது, அந்த எண்ணிக்கைக்குள் அவனும் ஒருவனாகிப் போனான். புறப்படுகிற அன்று பாஸ் நாலைந்து ஸ்பானர்களை எண்ணெய்த் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் இறங்கி, தாயகம் திரும்பியோருக்கென்று ரப்பர் வைத்த கர்நாடகத்துச் சுள்ளியாவுக்குப் போய்ச் சேர்ந்தான். நெடுங்காலம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. 1980 இல் இந்தியாவில் வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டிகளைத் திருத்துவதே தன் ஜீவனம் என்றும், மூங்கிலால்தான் இன்னமும் கரி சுரண்டுவதாகவும் எழுதியிருந்தான். அக்கடிதத்தை நான் கஹவத்தைக்குக் கொண்டு போய்ப் பாஸுக்குச் சிங்களத்தில் வாசித்துச் சொன்னேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்.

எழுபதுகளில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தை அனுபவித்தவர்களுக்கே உதிரிப்பாகம் என்பதன் அருமை விளங்கும். அரிசிக்கும் பாணுக்கும் வரிசை நின்ற அந்த வருஷங்களில், 1973 இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியதும் சேர்ந்துகொள்ள, பெற்றோல் வண்டி வைத்திருந்தவர்கள் பலரும் அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். தோட்டங்களும் 1975 இல் கம்பெனிகளின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறின. எங்கள் எஞ்சினைச் செய்தவர்களோ அதற்கு வெகு காலம் முன்பே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டிருந்தார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்து வண்டி நின்றபோது, பாஸ் இரத்தினபுரியில் ஒரு லேத் கடைக்குப் போய், உடைந்த வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றிலிருந்து வளையம் கடைந்து, அதை வெட்டி, வெட்டிய முனைகளை அரத்தால் ராவி ராவி, சிலிண்டருக்குள் தள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி ராவி, ஒரு பகற்பொழுதை அந்த விரற்கடை அளவுள்ள இரும்பிலேயே கழித்தார். அந்த ரிங் ஓடியது. மூல ரிங் ஓடிய அளவுக்கு ஓடியது என்று சொல்ல முடியாது, ஆயினும் ஓடியது.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையானதைப் பற்றி நான் இங்கே விரிக்க விரும்பவில்லை. அதைச் சொல்ல வேறு கட்டுரை வேண்டும். உடுத்த துணியோடு புறப்பட்ட எங்கள் குடும்பம் திரும்பி வந்தபோது வீட்டில் எஞ்சியது சொற்பம். சைக்கிள் அப்போது புதிய ரிங் ஒன்றை எதிர்பார்த்துப் பாஸின் கராஜில் கிடந்தது. அதை அவர் பின்கட்டில், தம் வீட்டு விறகுக்குள் மறைத்து வைத்திருந்தார். அத்தோடு நிற்கவில்லை. ஓடாத எஞ்சின் ஈரக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால், பிளக் துவாரத்தின் வழியே ஒயில் விட்டு, அந்த வாரங்களில் அடிக்கடி சக்கரத்தைக் கையால் சுற்றி வைத்திருந்தார். அப்பா பிளக்கைக் கழற்றியபோது துவாரத்திலிருந்து புது ஒயில் வழிந்து அவர் விரலில் பட்டது. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்தார். பாஸ் உள்ளே போய்த் தேநீர் போடச் சொன்னார்.

சமாதானமும் திறந்த பொருளாதாரமும் ஒருசேர வராவிட்டாலும், 1977 க்குப் பிறகு கடைகளுக்கு யப்பானியச் சிறு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஹொண்டா ஐம்பதும், பிறகு சாலியும் வந்தன. எஞ்சின் பூட்டிய சைக்கிளை மக்கள் மறந்தார்கள். ஆனால் அந்த ஹொண்டாவின் பூர்வ சரித்திரமே எங்கள் அப்பாவின் சைக்கிளின் சரித்திரந்தான் என்பதை நான் அறிந்தது மிகவும் பின்னால். யுத்தம் முடிந்து நாடு பாழ்பட்டுக் கிடந்த 1946 இல், சோய்ச்சிரோ ஹொண்டா என்பவர், இராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்த சிறு எஞ்சின்கள் கழிபொருளாகக் கிடந்ததைக் கண்டு, அவற்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்கத் தொடங்கினார். பெற்றோல் பங்கீட்டில் கிடைத்த காலமாதலால், பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயை அதில் கலந்தார். 1952 இல் அவர்கள் வெளியிட்ட, வெள்ளைத் தாங்கியும் சிவப்பு எஞ்சினுமான கப் என்னும் சைக்கிள் எஞ்சினை விற்பதற்கு, அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவா நாடெங்குமுள்ள சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். பெரிய வியாபாரிகளை நாடாமல், டியூபுக்கு ஒட்டுப் போடும் கடைக்காரனை நாடிய அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். பழுதுபார்க்கத் தெரிந்தவனிடமே பொருளை விற்கக் கொடுத்தால், வாங்கியவன் நடுவழியில் நிற்க மாட்டான்.

அண்மைக் காலத்தில் சீனத்து எஞ்சின்கள் வந்தன. பிராந்தியத் தோட்டக் கம்பெனி ஒன்றில் வெளிக்கள உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், அட்டைப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். “மாமா, நீங்க இருக்கிறப்பதான் பிரிக்கணும்னு அப்படியே கொண்டாந்தேன்” என்றான். பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். எஞ்சின், தாங்கி, கார்புரேட்டர், செயின், புகைக்குழாய், பல்சக்கரம், கேபிள்கள், நட்டும் வாசரும் நிறைந்த பொலித்தீன் பைகள். பெட்டியின்மேல் 80 சி.சி. என்று அச்சடித்திருந்தது, இவ்வகை எஞ்சினின் உண்மையான அளவு 66 சி.சி. அளவில்தான் இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் இங்கிருந்து போக, 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வந்தது. என் பாட்டனும் பாட்டியும் வெட்டிச் சேர்த்த பால் அந்தக் கப்பல்களில் போயிருக்கும். நாங்கள் சிறு வயதில் உண்ட சோறு அந்தக் கப்பல்களில் வந்திருக்கும். இப்போது அதே நாட்டிலிருந்து ஓர் எஞ்சின் அதே மலைக்கு ஏறி வந்திருக்கிறது.

லுமாலா சைக்கிள் ஒன்றில் அதைப் பூட்டினோம். பழைய சைக்கிள்மாஸ்டரைப் போல ஒரு சக்கரத்தை மாற்றினால் முடிகிற வேலையன்று இது. சைக்கிளின் வழக்கமான செயின் வலப்பக்கம் ஓட, எஞ்சினின் செயின் இடப்பக்கம் ஓட வேண்டும். அதற்காக 44 பல்லுள்ள சக்கரம் ஒன்றைப் பின்சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்து, உள்ளும் புறமும் ரப்பர் வட்டங்களை வைத்து, ஒன்பது ஆணிகளால் இறுக்க வேண்டும். இதில்தான் விஷயமே இருக்கிறது. ஆணிகளை வரிசைக்கு இறுக்கிக்கொண்டு போனால் பல்சக்கரம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் செயின் குதிக்கும். குதித்த செயின் கம்பிகளை அறுக்கும். எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு குச்சியைப் பல்லுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்து, குச்சிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் மாறாதிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தோம். பெட்டியோடு வந்த ரப்பர் வட்டங்கள் மெத்தென்றிருந்தபடியால், பழைய லொறி டயரின் பக்கச் சுவரை வெட்டிப் புதிய வட்டங்கள் செய்தோம். செயினை இழுத்துப் பிடிக்கும் சிறு உருளை தளர்ந்து திரும்பினால் நேரே கம்பிகளுக்குள் புகுந்து பின்சக்கரத்தையே பூட்டிவிடும். ஆட்களை விழுத்துவது பெரும்பாலும் அதுவே. ஆகையால் செயினின் நீளத்தைக் கண்ணி கண்ணியாகக் குறைத்து, உருளை தேவையே இல்லாதபடி செய்தோம்.

மருமகனுக்குத் தோட்டத்து ரப்பரின்மீது பெரும் பக்தி. எஞ்சினுக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்ச்சி குறையும் என்று ஆசையோடு வைத்தான். அதிர்ச்சி கூடியது, எஞ்சின் தன் இடத்திலேயே ஆடி, சில நாட்களில் பிடிப்பாணி ஒன்று அடியோடு முறிந்தது. ரப்பரை எடுத்துவிட்டு, இரும்போடு இரும்பு படும்படி நேராக அமர்த்தி, நல்ல எஃகு ஆணிகளைப் போட்ட பிறகே அது அமைதியாக ஓடியது. பெட்டியில் வந்த பிளக்கை எடுத்தெறிந்துவிட்டு யப்பானியப் பிளக் போட்டான். தலைமூடி கசிந்தபோது மட்டும் அவனுக்குக் கை ஓடவில்லை. கண்ணாடித் தட்டு ஒன்றைச் சமமாக வைத்து, எமரிப் பசை தடவி, மூடியை அதன்மேல் எட்டு என்று எழுதுகிற மாதிரி தேய்க்கச் சொன்னேன். மங்கலும் பளபளப்புமாகத் திட்டுத் திட்டாய் இருந்த விளிம்பு, தேய்க்கத் தேய்க்க ஒரே சாம்பல் நிறமாகியது. மாணிக்கம் பட்டை தீட்டுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வேலையின் பொறுமையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மலிவான பொருளை இகழ்ந்து பேசுவது சுலபம். அந்தப் பெட்டியில் வந்தவற்றில் பாதியை நாங்கள் மாற்ற வேண்டியிருந்தது உண்மை. ஆனால் ஒரு தோட்டத்துச் சம்பளத்தில் வாங்கக்கூடியதாகவும், மூன்று ஸ்பானர்களால் முழுக்கக் கழற்றக்கூடியதாகவும் இருந்த யந்திரம் அது ஒன்றே. இன்றைய விலையுயர்ந்த வண்டி பழுதானால் அதன் சொந்தக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து பில்லை எதிர்பார்க்கிறான். என் மருமகனுக்கோ தன் வண்டியின் ஒவ்வோர் ஆணியும் எங்கே பிறந்து எங்கே முறியும் என்பது தெரியும். நான் அவனிடம் கடுமையாக இருந்தது பிரேக் விஷயத்தில் மட்டும். எங்கள் மாவட்டத்து மழையில் சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள் வழுக்கும். மிதிவேகத்துக்கென்று செய்த பிரேக் எஞ்சின் வேகத்துக்குப் போதாது. முன்னும் பின்னும் புதுக் கட்டைகள் போட்ட பிறகே தாங்கியில் பெற்றோல் ஊற்ற அனுமதித்தேன். 1951 இன் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவில்லாத மோட்டார் வாகனத்தைப் பெருந்தெருவில் ஓட்டலாகாது ஆதலால், தோட்டத்துப் பாதைக்குள்ளேயே அது நின்றது.

அந்தப் பதிவில்லாமையே 2022 இல் அதை நிறுத்தியும் விட்டது. பெற்றோலுக்கு மைல்கணக்கில் வரிசை நீண்ட அந்த ஆண்டின் யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளவு வைத்தார்கள். வாகன இலக்கம் இருந்தால்தானே கியூ.ஆர்.? குறைந்த பெற்றோலில் அதிக தூரம் ஓடக்கூடிய வண்டிக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. மருமகன் எஞ்சினைக் கழற்றிப் பிளக் துவாரத்தில் ஒயில் விட்டுச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, வெறும் சைக்கிளை மிதித்தே பெரட்டுக்குப் போய் வந்தான். பிறகு தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்த எஞ்சினைக் கேட்டு ஒருவன் வந்திருக்கிறான். கீழ் டிவிஷன் லயத்துப் பையன். விடியற்காலையில் பாண் எடுத்துப் போய் மூன்று டிவிஷன்களுக்கும் விற்கிறவன். பாதையெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே என்பதால் நானும் சம்மதித்தேன். மருமகன் விலை சொல்லவில்லை. முடிந்தபோது கொடு என்றான். அவுன்ஸ் குவளை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதைக் காட்டிக் கலவையின் கணக்கைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாஸ் காலமாகி வருஷங்கள் ஆயின. அவருடைய மகன் அதே பலா மரத்தடியில் கராஜை நடத்துகிறான். பூட்டுகிற வேலைக்கு அங்கேதான் போகச் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் பூட்டிய எஞ்சின் முதல் சில நாள் ஓட்டத்தில் எல்லா நட்டையும் ஒருமுறை தளர்த்திவிடும். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வரும்படியும், பாண் தட்டைக் கட்டுவதற்கு முன் ஒன்பது ஆணிகளையும் இருவருமாக மறுபடி இறுக்கிப் பார்ப்போம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.